பிரகாசி டீச்சருடைய ஒரு மணி நேரம்

மூன்று அடித்து ஏழு நிமிஷம் ஆகிவிட்டது, இன்னும் பிரகாசி டீச்சரைக் காணோம். அமலோற்பவம் முழந்தாளில் இருந்தபடியே கழுத்தை மட்டும் திருப்பிக் கோயில் வாசலைப் பார்த்தாள். வாசலில் வெயிலும், வெயிலைத் தாண்டிப் பங்குச் சாமியார் வீட்டு வேப்பமரமும், மரத்தடியில் படுத்திருந்த நாயும்தான் தெரிந்தன. திரும்பிக்கொண்டாள். ஆராதனை நேரத்தில் வாசலைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று கூட்டத்தில் எல்லோருக்கும் சொன்னதே அவள்தான். சொன்னவள் ஏழு நிமிஷத்தில் நாலாவது தடவையாகத் திரும்புகிறாள். ஆண்டவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார், பீடத்தின் மேல், நற்கருணையை வைத்துக் காட்டுகிற கதிர்ப்பாத்திரத்தின் நடுவில், அப்பமாக, வெள்ளையாக, வட்டமாக, ஒன்றும் சொல்லாமல். மன்னிச்சுக்கங்க ஆண்டவரே, டீச்சர் வந்ததும் நான் கிளம்பிடுறேன் என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அழகான பேச்சு என்று உறைத்தது. விருந்துக்குப் போன வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லுகிற மாதிரி. ஆனால் அவளும்தான் என்ன செய்வாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. கன்னியர் மடத்துப் பள்ளியின் கட்டம் போட்ட பினஃபோர் முந்நூற்று நாற்பதையும் அவளுடைய தையல் கடையில்தான் தைக்கிறார்கள். முந்நூற்று இருபத்திரண்டு முடிந்து, இஸ்திரி போட்டு, கட்டுக் கட்டாக அடுக்கியாகிவிட்டது. மிச்சம் பதினெட்டு. எல்லாம் எல்.கே.ஜி. வாண்டுகளுடையது, பிறந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள். அதற்கான துணி இன்றைக்கு மத்தியானம்தான் லாரி ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தது. நாளைக் காலை பத்து மணிக்குள் எல்லாம் மடத்தில் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சிஸ்டர் கொர்னேலியா போன வாரமே சொல்லிவிட்டார், அதுவும் சிரித்துக்கொண்டே. “இந்த வருஷமும் பிள்ளைங்க கலர் டிரஸ்ல வந்து நின்னா, அடுத்த வருஷம் ரெடிமேட்காரங்ககிட்ட கொடுத்திருவோம் அமலோற்பவம், கோவிச்சுக்கக் கூடாது.” சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் கடையில் மிஷின் மிதிக்கிற ஆறு பேரும் ஜூன் மாதத்தில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

டீச்சர் வராமல் எழுந்து போகவும் வழியில்லை. முதல் வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்து சாமியார் நற்கருணையைப் பீடத்தில் எல்லோரும் பார்க்க எழுந்தேற்றம் செய்து வைத்துவிட்டால், சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே வந்து எடுத்துப் பேழைக்குள் வைக்கிறவரை எதிரே ஓர் ஆளாவது இருந்தாக வேண்டும். ஆண்டவரை அப்படி வைத்துவிட்டுத் தனியாக விட்டுப் போகிற வழக்கம் கிடையாது. அதனால்தான் அன்பியம் அன்பியமாக, அதாவது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு ஒவ்வொன்றுக்கும், ஒரு மணி நேரம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டிலிருந்து மூன்று அமலோற்பவத்தின் அன்பியம். ஐந்து பேர் வந்தார்கள், செபமாலை சொன்னார்கள், மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஒருத்தி அரிசி ஊறுகிறது என்றும் ஒருத்தி குழாயில் தண்ணீர் வருகிற நேரம் என்றும் ஒவ்வொருத்தியாக எழுந்துவிட்டார்கள். “நீங்க இருக்கீங்கல்லக்கா, டீச்சர் வந்ததும் போங்க.” முறைப் பட்டியலை எழுதுகிறவள் என்பதால் கடைசியாகப் போகிற பாக்கியம் எப்போதும் அவளுக்கு. மூன்றிலிருந்து நான்கு பிரகாசி டீச்சருடைய மணி நேரம். அந்த நேரத்துக்கு வேறு யாரும் வர மாட்டார்கள். பால் வாங்க வேண்டும், டீ போட வேண்டும், உறங்கி எழுந்த முகத்தைக் கழுவ வேண்டும். டீச்சர் ஒருத்திதான் வருஷம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மூன்றடிக்கும்போது ஒரு கால் வாசற்படிக்குள் இருக்கும். முப்பத்து மூன்று வருஷம் மணியடித்துப் பாடம் நடத்திய உடம்பு. அப்படிப்பட்டவள் இன்றைக்குப் பார்த்து, சரியாக இன்றைக்குப் பார்த்து.

வரட்டும், கேட்கிறேன், என்று அமலோற்பவம் மனசுக்குள் முந்தானையைச் செருகிக்கொண்டாள். டீச்சர், உங்களுக்குப் பென்ஷன் வருது, உட்கார்ந்து ஜெபம் பண்ணலாம். எங்களுக்கு அப்படியா? இல்லை, பென்ஷன் என்று ஆரம்பிக்கக் கூடாது, அது அடுத்த வீட்டு விஷயம். டீச்சர், மூணு மணின்னா மூணு மணிதானே, நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க? அதுதான் சரி, அதுதான் நறுக்கென்று இருக்கும். இதைச் சொல்லும்போது ஒரு கையால் சேலையைச் சரி செய்துகொண்டே சொல்ல வேண்டும் என்றுகூட முடிவாயிற்று. கை தானாகத் தோளுக்குப் போனபோதுதான் கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஐயோ. கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். ஒரு மணி நேரமாக, ஐந்து பேர் நடுவில், ஆண்டவர் முன்னால், சாமியார் பூசைக்குப் போட்டுக்கொள்ளுகிற கழுத்துப் பட்டை மாதிரி இரண்டு பக்கமும் தொங்க விட்டுக்கொண்டு செபமாலை சொல்லியிருக்கிறாள். ஒரு பாவியாவது சொன்னாளா? சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு டேப்பைச் சுருட்டி மடியில் வைத்தாள். டேப்பைக் கழுத்தில் போட்டபடியே எங்கெங்கோ போயிருக்கிறாள், மளிகைக் கடைக்கு, ஒரு தடவை துக்க வீட்டுக்குக்கூட. புதன்கிழமைகூட டேப் கழுத்தில், போன் காதில், தோளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் துணியைத் தள்ள, மிஷின் ஓடுகிற சத்தத்தில் யாரோ பேசினார்கள். யார் அது? வெள்ளிக்கிழமை என்று என்னவோ. வெள்ளிக்கிழமை நான் ஊர்ல இல்லம்மா, தங்கச்சி வீட்டுக்காரருக்கு மதுரையில கண் ஆபரேஷன், அந்த நேரத்துக்கு வேற ஆளைப் போட்டிரு. அவள் என்ன சொன்னாள்? துணி ஊசியடியில் ஓடிக்கொண்டிருந்தது, மடிப்பு விலகிவிடக் கூடாது, வாய் தானாகச் சொல்லிற்று. “சரிங்க டீச்சர், நான் பாத்துக்கிறேன்.”

அமலோற்பவம் வாசலைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். வரப்போவதில்லை. டீச்சர் மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள், பாவம், ஆண்டவருக்கு ஆள் போட்டாயிற்று என்ற நிம்மதியோடு. மூன்றிலிருந்து நான்கு என்னும் கட்டத்தில் இப்போது யார் பெயரும் இல்லை, இவள் பெயர்தான், இவள் வாயாலேயே போட்டுக்கொண்டது. யாரையாவது கூப்பிட்டு உட்கார வைக்கலாம் என்றால் போன் கடையில், வெட்டுகிற மேஜை மேல். ஆராதனைக்குப் போனைக் கொண்டுவரக் கூடாது என்றதும் யார், அவளேதான். சாமியார் இரண்டரை மணிக்கே யாரோ சாகக் கிடக்கிறார் என்று எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசப் போய்விட்டார், உபதேசியார் பைக்கில் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கதிர்ப்பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போகலாம் என்றால் அதைத் தொடச் சாமியாரைத் தவிர யாருக்கும் உரிமையில்லை. நான்கு மணிக்கு அடுத்த அன்பியம் வரும். ஐம்பது நிமிஷம். ஐம்பது நிமிஷத்தில் அவள் பதினெட்டையும் வெட்டிப் போட்டுவிடுவாள், ஏழு மணிக்குள் உடம்பு சேர்ந்துவிடும், ஒன்பது மணிக்குப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைத்துவிடலாம். இப்போது எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது, கரண்ட் வேறு சொல்லிக்கொள்ளாமல் போகும், காஜா மிஷின் நேற்றிலிருந்து நூலை அறுக்கிறது. இன்றைக்குத்தானா? ஒரே ஒரு வெள்ளிக்கிழமை ஆளில்லாமல் இருந்தால் ஆண்டவர் என்ன கோபித்துக்கொண்டு எழுந்தா போய்விடுவார்? நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுகொண்டது. எழுந்து போவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கால் இருக்கிறது, வாசல் இருக்கிறது. பார்க்க ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. பக்தி என்று சொல்லிவிட முடியாது, வெட்கம்தான். சரி, நான் பார்த்துக்கொள்ளுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் விட்டது இது எத்தனையாவது என்று ஒரு கணக்கு உள்ளே ஓட ஆரம்பித்துவிட்டது.

தையல்காரியின் வாயில் வருகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான், நாளைக்கு. ரவிக்கை ஆச்சா அக்கா? நாளைக்கு வாங்க. சுடிதார்? ஓரம் அடிக்கிறதுதான் பாக்கி, நாளைக்கு. பாக்கி முழுவதுமே பாக்கியாக இருக்கும், துணி கட்டுப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும், ஆனாலும் முகம் ஒரு துளி மாறாது. இதில் பொய் சொல்லுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை, கடைக்கு ஷட்டர் இருப்பதுபோல அதுவும் கடையோடு வந்தது. அந்த வாயாலேயே அவரிடமும் சொல்லியிருக்கிறாள். பாஸ்கா முடியட்டும் ஆண்டவரே, தினம் கால் மணி நேரம் உங்ககிட்ட வந்து உட்காருறேன். பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்தது, புதுநன்மை உடுப்பு வந்துவிட்டது, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சின்னப் பெண்களுக்கெல்லாம் வெள்ளைக் கவுன். அது முடியட்டும். அது முடிந்தது, பள்ளிக்கூட சீசன். இது முடியட்டும். இது முடிந்தால் தீபாவளி, தீபாவளி முடிந்தால் கிறிஸ்துமஸ், அதற்கு ஊரே புதுத்துணி உடுத்தும், உடுத்துகிறவரின் பிறந்தநாளா ஆண்டவரின் பிறந்தநாளா என்று அவளுக்குச் சந்தேகம் வருகிற அளவுக்கு வேலை. அப்புறம் பொங்கல், அப்புறம் தை மாதத்துக் கல்யாணம். சீசன் முடிந்த தையல்காரி என்று ஒருத்தி உலகத்தில் இருந்தால் அவள் கல்லறையில்தான் இருப்பாள். நடுவில் ஜெபம் சொல்லாமலா இருந்தாள், சொன்னாள். ஆண்டவரே கரண்ட் போகக் கூடாது. ஆண்டவரே நூல் சாயம் ஒத்துவரணும். ஆண்டவரே அந்த அம்மா இன்னைக்கு வரக் கூடாது. வீட்டுக்காரர் எஸ்தாக்கி ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், “நீ ஆண்டவர்கிட்டப் பேசுறதைக் கேட்டா கஸ்டமர்கிட்டப் பேசுற மாதிரியே இருக்கே. நாளைக்கு வான்னு சொல்லிராத, அவரு வந்துருவாரு.” அப்போது கரண்டியை ஓங்கினாள். இப்போது பார்த்தால் அந்த மனுஷன் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை வந்து பார்ப்பார்கள், மூன்றாவது தடவை துணியைத் திருப்பிக் கொடுங்கள் என்பார்கள். எத்தனையோ பேர் அப்படி வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போயிருக்கிறார்கள். ஆண்டவரும் அப்படிக் கேட்டுவிட்டாரோ? அவளுக்குத் தெரியாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாரோ? நாலைந்து மாதமாகக் கோயிலில் உட்கார்ந்தால் உள்ளே வெறும் காய்ந்த தரையாக இருக்கிறதே, அது வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அது இதுதானோ? அந்தப் பயம் வந்ததும் பினஃபோர் பயம் கொஞ்சம் பின்னுக்குப் போய் நின்றுகொண்டது.

ஜெபம் சொல்லலாம் என்று ஆரம்பித்தாள். வாய் சொல்லிக்கொண்டே போனது, மிஷின் நேர்த்தையல் ஓடுகிற வேகத்தில், ஒன்று முடியுமுன் அடுத்தது. பத்துச் சொன்னதும் ஒன்றுகூட மனசில் விழவில்லை என்று தெரிந்தது. கண் மட்டும் பீடத் துணியின் ஓரத்திலேயே நின்றது. இடது பக்கம் அரை அங்குலம் இறக்கம். அவள் தைத்ததுதான், போன வருஷம் பங்குத் திருவிழாவுக்கு. அவசரத்தில் சலவைக்குப் போடாமல் வெட்டினாள், அப்புறம் நனைத்ததும் ஒரு பக்கம் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசையில் அந்த அரை அங்குலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்டால் தெரியாது. பிரித்துச் சரி செய்துவிடலாம், ஒரு கால் மணி நேர வேலை. எப்போது? நாளைக்கு. முழங்கால் வலித்தது. முழந்தாளில் இருப்பதுதான் மரியாதை, ஆனால் நாற்பத்தொன்பது வயது முழங்கால், அதுவும் வருஷம் பூராவும் பெடலை மிதித்த முழங்கால், மரியாதைக்கெல்லாம் கட்டுப்படாது. தூண் ஓரமாய் நகர்ந்து சிமென்ட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தரை குளிர்ச்சியாக இருந்தது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை டக்கென்றது. எண்ணெய் போட வேண்டும். மிஷினுக்கும்தான், கடையில் தைக்கிற நாகஜோதியிடம் சொல்லிவிட்டு வந்தோமா? சொன்னோம். இல்லை, சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் போடுவாள். போடுவாளா? தான் இல்லாமல் கடை என்ன பாடு படுகிறதோ. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தால்கூட நடுவில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறவள் அவள். துணி வெட்டுவதை மட்டும் இன்றுவரை யாரிடமும் விட்டதில்லை. தைத்தது தப்பென்றால் பிரிக்கலாம், வெட்டினது வெட்டினதுதான் என்பாள். அவளுடைய கத்திரியை யாரும் தொடக் கூடாது, மேஜை இழுப்பறையில் பூட்டி, சாவி இடுப்பில்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தர், பெயர்கூட நினைவில்லை, மகளுக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு மூன்று தடவை வந்து திரும்பினார். நாலாவது தடவை அவள் வாயைத் திறக்குமுன்னே கடை ஓரத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “நீங்க பாட்டுக்குத் தைங்கம்மா. நான் இப்படி உக்காந்திருக்கேன். எனக்கு இன்னைக்கு வேற சோலி இல்ல.” கோபம் இல்லை, சத்தம் இல்லை, பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கத்தினபோதெல்லாம் அவள் பதிலுக்குக் கத்தினாள், கத்தித் தப்பித்தாள். இவரிடம் தப்பிக்க வழியே இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் அந்த ரவிக்கையைத் தைத்துக் கையில் கொடுத்தாள், அவ்வளவு நன்றாக அவள் தைத்ததே இல்லை. இத்தனை நாள் கழித்து அந்த மனுஷன் ஏன் ஞாபகத்துக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். எதிரே பீடத்தில் அவர் இருந்தார். எழுந்து போகாமல், கோபிக்காமல், வேறு சோலி எதுவும் இல்லாதவராக. அவளுக்குத் துணையாக டீச்சரைக்கூட விடவில்லை, எல்லோரையும் அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்லா மாட்டிவிட்டீங்க ஆண்டவரே, என்றாள் அமலோற்பவம், கொஞ்சம் உரக்கவே. கூரையில் புறா ஒன்று சடசடத்தது. சிரிப்பு வந்துவிட்டது, இந்தத் தடவை அடக்கவில்லை.

சிரித்த பிறகு சும்மா இருந்தாள். சும்மா இருப்பதுகூட அவளுக்கு மறந்துபோயிருந்தது, கை என்னவோ தேடிற்று, டேப்பின் முனையைச் சுருட்டி விட்டது, சுருட்டி விட்டது, அப்புறம் அதுவும் நின்றது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தபோது இப்படித்தான். இருபத்து நாலு வயது, காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு, ஏற்றுமதி நேரம் என்றால் பத்து. நடுவில் டீக்குப் பத்து நிமிஷம் விடுவார்கள். மற்றவர்கள் கேண்டீனுக்கு ஓடுவார்கள். அவள் டம்ளரோடு பேக்கிங் செக்‌ஷனுக்குப் பின்னால் இருந்த இரும்புப் படிக்கட்டில் போய் உட்காருவாள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, எதிரே சாயப்பட்டறைச் சுவர், அதில் நீலமும் சிவப்புமாக ஒழுகின கறை. ஜெபம்கூடச் சொல்ல மாட்டாள், சொல்லுகிற தெம்பு இருக்காது. நான் வந்துட்டேன் என்பாள், அவ்வளவுதான். அப்புறம் யாரோ பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். டீ ஆறிப்போகும். பத்து நிமிஷம் முடிந்து எழுந்து போகும்போது உள்ளங்கால்வரை சந்தோஷமாக இருக்கும், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரிடமும் சொன்னதும் இல்லை, சொன்னால் சூப்பர்வைசரை லவ் பண்ணுகிறாள் என்பார்கள். அவள் ஆயுசிலேயே வேலை அதிகமான காலம் அதுதான். இப்போது இருப்பதில் பாதி ஓய்வுகூட அப்போது இல்லை. சீசன் முடியட்டும் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். நேரம் கிடைத்தபிறகு வருகிறேன் என்று சொல்லச் சொந்தமாகக் கடை வைக்க வேண்டியிருந்தது. அவள் கண்ணை மூடினாள். நான் வந்துட்டேன், என்றாள். அவசரம் ஒன்றும் உடனே விட்டுவிடவில்லை, அது கொஞ்ச நேரம் உள்ளே மிஷின் நிறுத்தின பிறகும் சக்கரம் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் மெல்ல ஓய்ந்தது. விசிறி டக்கென்பது கேட்டது, மெழுகுவர்த்தி உருகுகிற வாசனை வந்தது, தரையின் குளிர்ச்சி தொடைவரை ஏறிற்று. துணியைத் திருப்பிக் கேட்கவில்லை அவர். அது தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், பக்கத்துப் படி காலியாக இல்லை, அப்படித்தான் தெரிந்தது. கண்ணில் நீர் வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தப் பழைய சந்தோஷம், ஒரு காரணமும் இல்லாமல்.

“அக்கா.” வாசலில் நாகஜோதி நின்றுகொண்டிருந்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு, படிக்கு உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல். ஏழு வருஷமாகக் கடையில் இருக்கிறவள், கோயிலுக்குள் வந்ததில்லை, அவள் கும்பிடுவது முனியப்பனை. அமலோற்பவம் கையாட்டி உள்ளே கூப்பிட்டாள். நாகஜோதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டாள்.

“துணி பன்னா கொறவா வந்திருக்குக்கா,” என்றாள், மூச்சு வாங்க, கிசுகிசுவென்று. பன்னா என்பது துணியின் அகலம். “அம்பத்தெட்டு இருக்கணும்ல? அம்பத்திநாலுதான் இருக்கு. மூணு வாட்டி அளந்து பாத்துட்டேன். வழக்கமாப் போடுற மாதிரி போட்டா பதினஞ்சுதான் வரும். மில்லுக்குப் போன் போட்டேன், செவ்வாக்கெழமைதான்னு சொல்றாங்க. நீங்க ஏன்க்கா இன்னும் வரல?”

“டீச்சர் வரலடி. நான்தான் ஆள் போட மறந்துட்டேன். நாலு மணி வரைக்கும் நகர முடியாது.” மூன்று பிள்ளைகள். பதினைந்து பிள்ளைகள் கட்டம் போட்ட பினஃபோரில் வரிசையாக நிற்கும்போது மூன்று மட்டும் வீட்டுக் கவுனில், எல்லோரும் தன்னையே பார்ப்பது ஏன் என்று தெரியாமல். வந்த சந்தோஷம் இப்போது போய்விடும், இதோ போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகஜோதி பீடத்தைப் பார்த்தாள், அப்புறம் அவளைப் பார்த்தாள். “சாமிய ஒத்தையில விடக் கூடாது, அம்புட்டுத்தானே? நான் உக்காந்திருக்கேன்க்கா. நீங்க ஓடிப் போயி வெட்டிட்டு வந்துருங்க. நான் இங்கிட்டே இருக்கேன், எங்கிட்டும் போக மாட்டேன்.” சொல்லிவிட்டுக் காலை மடக்கி நன்றாக உட்கார்ந்தும் விட்டாள், பஸ்ஸில் யாருக்கோ இடம் பிடித்துக் கொடுக்கிற மாதிரி. காலை ஆறு மணியிலிருந்து நின்று இஸ்திரி போட்டவளுக்கு, தரை உடம்பில் பட்டதும் அவளை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது.

அமலோற்பவம் கையை ஊன்றினாள். பாதி எழுந்தாயிற்று. ஆண்டவருக்கு ஆள் இருக்கிறது, முறைக்கு முறையும் ஆயிற்று, சாமியார் கேட்டால்கூடச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு தெரு தூரம், ஓடினால் நாலு நிமிஷம். போய் மேஜையில் துணியை விரித்து, கத்திரியை எடுத்து, அகலம் நாலு அங்குலம் குறைந்தால் என்ன செய்வது? அவளுக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. கட்டம் போட்ட துணி, பக்கத் தையலில் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும், சிஸ்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். அங்கே போனால் தோன்றிவிடும். எப்போதும் தோன்றியிருக்கிறது. இல்லாவிட்டால்? போகாமல் இருந்தால் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறாள், போய் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு தடவைகூட நின்று கேட்டதில்லை. ஊன்றின கையோடு அப்படியே இருந்து, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். நாகஜோதி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு என்னவோ கணக்குப் போடுகிற மாதிரி அசைந்தது.

“நீயா இருந்தா எப்படிடி வெட்டுவே?”

“நானா?” நாகஜோதி திரும்பவில்லை. யோசிக்கவும் இல்லை, முன்னமே யோசித்து வைத்திருந்தது. “தோள்பட்டையையும் பையையும் குறுக்கால போட்டு எடுப்பேன்க்கா. சதுரக் கட்டம்தானே, குறுக்கால போட்டாலும் நெடுக்கால போட்டாலும் கட்டம் மாறாது. பெரிய துண்டெல்லாம் மொதல்ல எடுத்துட்டு, ஓரத்துல மிஞ்சுறதுல அதை எடுத்தா பதினெட்டும் வந்துரும்னுதான் தோணுது. பேப்பர்ல வெட்டி வச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன். வருது. ஆனா...” அப்போதுதான் திரும்பினாள். “உங்க கத்திரியத் தொடணுமே.”

இது எனக்குத் தோன்றியிருக்காது என்று அமலோற்பவம் நினைத்தாள். ஓடிப் போயிருந்தாலும் தோன்றியிருக்காது, வழக்கமாகப் போடுகிற மாதிரியே போட்டு, வழக்கமாகக் கத்துகிற மாதிரியே மில்லுக்காரனிடம் கத்தியிருப்பேன். இவளுக்கு இது எப்போதிலிருந்து தெரியும்? கேட்டால்தானே சொல்லுவாள். அவளுக்கு மறுபடியும் பயம் வந்தது, ஆனால் சந்தோஷம் எழுந்து போகவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். மடியில் கிடந்த டேப்பையும் எடுத்து, இரண்டையும் நாகஜோதியின் கையில் வைத்தாள்.

“நீயே வெட்டு.”

“அக்கா, வெளையாடாதீங்க. தப்பாப் போச்சுன்னா வேற துணி இல்லக்கா.”

“தெரியும்.”

“பயமா இருக்குக்கா.”

“எனக்கும்தான்டி. அதுக்கு என்ன, கை நடுங்கினா ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டு வெட்டு. போ, பிள்ளைங்களுக்கு நேரமாகுது.”

நாகஜோதி எழுந்தாள். போகிறவள் நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் பீடத்தைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். அப்புறம் வாசல்வரை நடந்து, வாசலில் இறங்கினதும் ஓடினாள். செருப்புச் சத்தம் சுற்றுச்சுவரைத் தாண்டிப் போகிறவரை அமலோற்பவம் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போய் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று கால் ஒரு தரம் துடித்தது. காலைத் தடவிக் கொடுத்தாள். அவள் வெட்டட்டும். இந்நேரம் பூட்டைத் திறந்திருப்பாள், துணியை விரித்திருப்பாள், மற்ற ஐந்து பேரும் மிஷினை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். பார்க்கட்டும். தூணில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். வெயில் வாசற்படியிலிருந்து இறங்கிப் போயிருந்தது. அவர் அங்கேயே இருந்தார். கேட்பதற்கு எத்தனையோ இருந்தது, கேட்கத் தோன்றவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால், இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது, அது அவளுக்குப் போதாது போல இருந்தது.